காளான் வளர்ப்புக் குடில்

காளான் வளர்ப்புக் குடில் என்பது வெப்பநிலை, ஈரப்பதம், ஒளி, காற்றோட்டம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தி உணவுக் காளான்களை வளர்க்கப் பயன்படும் மூடிய அமைப்பு ஆகும். கீற்றுக் கொட்டகையோ வீட்டின் ஓர் அறையோ குடிலாக அமையலாம்.

வெப்பநிலை

சிப்பிக்காளானுக்கு ஏறத்தாழ 20 முதல் 28 பாகை செல்சியசு வெப்பநிலையும், 80 விழுக்காட்டிற்கு மேற்பட்ட ஈரப்பதமும் ஏற்றவை. பூசண இழைகள் வைக்கோலைச் சிதைக்கும்போது வெப்பம் வெளிப்படுவதால், படுக்கையின் உட்பகுதி அறையை விடச் சூடாக இருக்கும். எனவே படுக்கைகள் இடைவெளி விட்டு உறிகளில் தொங்கவிடப்படுகின்றன. தரையில் பரப்பிய மணலிலும், சுவரோரச் சாக்குகளிலும் நீர் தெளித்தால், அது ஆவியாகி அறையைக் குளிர்விக்கும்.

காற்றோட்டம்

இழைகள் பரவும் பருவத்தில் கரியமில வாயு மிகுவதால் பெருந்தீங்கு இல்லை. மொட்டுகள் தோன்றும் பருவத்தில் அது தேங்கினால் தண்டு நீண்டு, குடை சிறுத்துவிடும். ஆனால் நண்பகலில் சன்னல்களைத் திறந்தால் வெப்பக்காற்று உட்புகுந்து மொட்டுகளை உலர்த்தும். ஆகவே காலையிலும் மாலையிலும் அவை திறக்கப்படுகின்றன. காளான் ஈக்களைத் தடுக்கச் சன்னல்களில் நுண்வலை பொருத்துவது வழக்கம்.

கடலோரப் பகுதிகள்

புதுச்சேரியின் அரியாங்குப்பம் கொம்யூனிலுள்ள தவளக்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் கோடைப்பகல் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டுவதுண்டு. காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் ஆவியாதல் குறைவதால், நீர் தெளிப்பதன் பயனும் குறைகிறது. இத்தகைய இடங்களில் கோடையில் சிப்பிக்காளானை விட, 30 முதல் 35 பாகையில் நன்கு வளரும் பால் காளானே ஏற்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் ஏபிகே 2 என்ற பால் காளான் இரகத்தை வெளியிட்டது. இதன் படுக்கைகளுக்கு மேற்பூச்சு மண்ணும், அறுவடைக் குடிலில் போதிய வெளிச்சமும் தேவை.