புதுக்கோட்டையின் நீர்க்கணக்கு

குடிநீர்த் திட்டம் தீட்டும் பொறியாளர் முதலில் ஆட்களை எண்ணுகிறார். 2011 கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை மாவட்டத்தில் 16,18,345 பேர். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. மாவட்டம் முழுவதற்கும் அதே அளவென்று கொண்டால், நாளுக்கு ஏறத்தாழ 8 கோடியே 90 லட்சம் லிட்டர் வேண்டும்.

இது பழைய தேவை. குழாய்த் திட்டங்களை 30 ஆண்டுக்குப் பிறகு வரப்போகும் கூட்டத்துக்காகத்தான் போடுவார்கள். 2001இல் இங்கே இருந்தவர்கள் 14,59,601 பேர். பத்தாண்டில் கூடிய அதே எண்ணிக்கையே ஒவ்வொரு பத்தாண்டிலும் கூடும் என்றால் 2041இல் சுமார் 20.9 லட்சம் பேர். அதே விகிதத்தில் பெருகும் என்றால் 22 லட்சத்தைத் தாண்டும். எந்த வழியில் கணிக்கிறோம் என்பதை மாற்றினாலே நாளுக்கு 61 லட்சம் லிட்டர் கூடுகிறது, குறைகிறது. பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போகிறவர்களும் திரும்பி வருகிறவர்களும் இந்த இரண்டு கணக்கிலும் தனியாகத் தெரிவதில்லை.

தேவை இப்படியென்றால், இருப்பை அறிய நீர்வள வரைபடம் வேண்டும். விராலிமலை, நார்த்தாமலை, இலுப்பூர்ப் பக்கம் கடும்பாறை. வெடிப்புகளில் தங்கும் தண்ணீர்தான் கிணற்றுக்கு. கிழக்கே ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் மணற்படிவம். ஆழ்துளைக் கிணறுகள் அதை நம்பியே இறங்குகின்றன. அதனால் மாவட்டத்துக்கு ஒரே எண் சொல்வது பயன்படாது. தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைக் குறுவட்டம் (ஃபிர்கா) வாரியாக மதிப்பிடுகிறார்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு 4 முறை நீர்மட்டம் பார்க்கிறது. ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீரில் 70 விழுக்காடு வரை எடுத்தால் அந்தக் குறுவட்டம் பாதுகாப்பானது. 90ஐத் தாண்டினால் அபாயம். 100ஐத் தாண்டினால் வரவுக்கு மேல் செலவு.

ஆனால் எவ்வளவு எடுக்கிறோம் என்பதை யார் அளந்தார்கள்? கிணறுகளின் எண்ணிக்கையை ஒரு கிணறு சராசரியாக இறைக்கும் அளவால் பெருக்கித்தான் அந்தத் தொகை வருகிறது. வயலில் ஓடும் மோட்டாருக்கு இலவச மின்சாரம். எத்தனை மணிநேரம் ஓடியது என்று சொல்ல மின்கட்டணச் சீட்டும் இல்லை. வரைபடத்தின் பலவீனமான இடம் இதுதான். குடிநீரும் பாசனநீரும் ஒரே நிலத்தடியிலிருந்து வருவதால், பாசனக் கணக்கு தவறினால் குடிநீர்க் கணிப்பும் தவறும்.

மாவட்டத்துக்குள் ஓடாத காவிரியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் தண்ணீர் கொண்டுவருகின்றன. அது பெரிய உதவி. என்றாலும், ஆயிரக்கணக்கான ஏரி, கண்மாய் உள்ள இந்த மாவட்டத்தில் ஒவ்வொன்றின் கொள்ளளவும் வண்டல் ஆழமும் அந்த வரைபடத்தில் ஏறாதவரை வரவுப் பக்கம் அரைகுறைதான். வரத்துக்கால் அடைபட்ட கண்மாய் தாளில் நிறைந்திருந்து என்ன பயன்?

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. உங்கள் குறுவட்டம் எந்த வகையில் இருக்கிறது, ஊர்க் கிணற்றில் மே மாதம் எத்தனை அடியில் தண்ணீர் இருந்தது என்று அங்கே கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.