உணர்கருவிகளிடையே பரவும் தீநிரல்



மண்ணின் ஈரத்தையும் வாய்க்கால் நீரின் மட்டத்தையும் அளந்து, கம்பியின்றி வானலை மூலம் செய்தி அனுப்பும் சிறு கருவிகள் இப்பொழுது சில தோட்டங்களில் நாட்டப்படுகின்றன. இவை உணர்கருவிகள் எனப்படும். சிறிய பற்றரியால் இயங்கும் இவற்றுட் பலவற்றின் அலை நெடுந்தூரம் எட்டாது. ஆகவே ஒரு கருவி தன் அளவை அயற் கருவிக்குக் கொடுக்க, அது அடுத்ததற்குக் கொடுக்க, ஈற்றில் பம்பியடியிலுள்ள தலைப்பெட்டியைச் செய்தி அடைகிறது. தலைப்பெட்டி அவ்வளவைக் கொண்டு பம்பியை இயக்கும், அல்லது நிறுத்தும்.

இக்கருவிகளுக்கும் தொற்றுநோய் உண்டு. தீய நோக்குடையோர் எழுதிவிடும் கட்டளைத் தொகுதியே அந்நோய். அதனைத் தீநிரல் என்பர்.

நெல்லில் எரிபந்தம் பரவும் விதத்தை அறிந்த உங்களுக்கு இது விளங்குதல் கடினமன்று. நோயுற்ற இலையின் வித்திகள் காற்றிற் சென்று அயற் பயிரிற் படிகின்றன. நோய் தாங்காத ஒரே இனம் வயல் முழுவதும் நின்றால் அதற்குத் தடையே இல்லை. உணர்கருவிகளில் அளவுகள் கைமாறிச் செல்லும் அதே வழியே தீநிரலும் செல்கிறது. ஒவ்வொரு கருவியும் தன் அயற் கருவியை நம்பியே தொழில் செய்கிறது. யாவும் ஒரே வகையாய், ஒரே இரகசியக் குறியுடன் ஆக்கப்பட்டிருப்பின், ஒன்றை வென்ற தீநிரல் எல்லாவற்றையும் வெல்லும்.

இத்தகைய சிறு கருவிகளை நோய் பற்றாது என்று ஒருகாலத்தில் நம்பினர். அவற்றுட் பலவற்றில் அளவுகள் ஓர் அறையிலும் கட்டளைகள் வேறோர் அறையிலும் இருக்கும். விதைநெல்லையும் சாப்பாட்டு நெல்லையும் வெவ்வேறாக வைப்பது போன்ற ஏற்பாடு அது. வெளியிலிருந்து வரும் செய்தி அளவுகளின் அறைக்கே செல்லும். அங்கிருப்பது கட்டளையாக இயங்காது. ஆனால் 2008 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர், கருவியில் முன்னரே இருந்த கட்டளைத் துண்டுகளையே பயன்படுத்தி, அளவுகளின் அறையிலிருந்த தீநிரலைக் கட்டளை அறைக்கு மாற்றிக் காட்டினர். அவ்வாறு புகுந்தது பற்றரியைக் கழற்றினாலும் அழியாது.

மற்றொரு வாயில், கருவிகளைத் திருத்துவதற்கு ஆக்கியோர் வானலை மூலம் புதிய கட்டளைகளை அனுப்பும் வழியாகும். 2016 ஆம் ஆண்டில் இஸ்ரேலிலும் கனடாவிலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள், பிலிப்ஸ் ஹியூ என்னும் வானலை மின்விளக்குகளை ஆராய்ந்தனர். புதிய கட்டளை ஆக்கியோரிடமிருந்தே வந்தது என்பதை உறுதிசெய்யும் முத்திரை, ஒருவகை விளக்குகள் யாவற்றுக்கும் ஒன்றாகவே இருந்தது. ஒரு விளக்கிலிருந்து அதனை அறிந்ததும் அவ்வகை விளக்குகள் அனைத்தின் கதவும் திறந்தது. ஆளில்லா வானூர்தியைப் பறக்கவிட்டு 350 மீற்றர் தூரத்திலிருந்தே விளக்குகளைத் தம்வசப்படுத்தினர். நோயுற்ற விளக்கு தன் அலையினாலேயே அடுத்ததைப் பற்றும் என்றும், விளக்குகள் நெருக்கமாயுள்ள நகரில் ஒன்றிலிருந்து நகர் முழுவதற்கும் இது பரவக்கூடும் என்றும் அவர்கள் கணித்தனர். ஆக்கியோர் அக்குறையைப் பின்னர் திருத்தினர்.

தலைப்பெட்டி இணையத்தோடு தொடுக்கப்பட்டிருப்பின் அபாயம் வேறுவழியாலும் வரும். அதே 2016 இல் மிராய் என்னும் தீநிரல் உலகெங்கும் கமராக்களைப் பற்றியது. அதனிடம் பெரிய வித்தை எதுவும் இருக்கவில்லை. தொழிற்சாலைகள் இட்ட கடவுச்சொற்கள் அறுபது வரையான பட்டியலொன்றே இருந்தது. நிறுத்தி மீண்டும் இயக்கினால் அது நீங்கும். கடவுச்சொல்லை மாற்றாவிடின் சில நிமிடங்களில் மறுபடி தொற்றும். மிளகாய்த் தோட்டமொன்றில் நான் திறந்து பார்த்த தலைப்பெட்டியின் மூடியில், விற்றவர் ஒட்டிய கடவுச்சொல் 1234 அப்படியே இருந்தது. தோட்டக்காரரை நான் குறை கூறமாட்டேன். மாற்ற வேண்டுமென்று அவருக்கு எவரும் சொல்லவில்லை.

தீநிரல் பற்றிய கருவி, வறண்ட பாத்தியை ஈரமெனக் கூறலாம். கத்தரி வாடிய பின்னரே நீங்கள் அறிவீர்கள். வற்றிய கிணற்றில் பம்பி ஓடிக் கருகவும் கூடும். ஆகையால் கிழமைக்கு இருமுறையாவது அரையடி ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் அழுத்திப் பார்த்து, கருவி கூறும் அளவோடு ஒப்பிடுங்கள். பற்றரியைக் காக்கும்பொருட்டு இக்கருவிகள் பெரும்பாலும் உறங்கிக் கிடப்பவை. நோயுற்றது ஓயாது பேசுமாதலால் அதன் பற்றரி விரைவில் தீரும். பல மாதம் உழைத்த பற்றரி சில நாட்களில் தீர்ந்தால் ஐயுறுங்கள்.

கருவி வாங்கும் அன்றே கடவுச்சொல்லை மாற்றுவியுங்கள். அயல் தோட்டக்காரரின் சொல்லையே நீங்களும் வைத்தல் ஆகாது. ஐயம் தோன்றினால் தலைப்பெட்டியைப் பம்பியிலிருந்து கழற்றிவிட்டு, கையால் இயக்கும் ஆளியைப் பயன்படுத்துங்கள். பின்னர் விற்றவரை அழைத்து எல்லாக் கருவிகளையும் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் துப்புரவு செய்வித்து, யாவும் முடிந்த பின்னரே மீண்டும் இயக்குங்கள். வரப்போரத்தில் மறந்துவிட்ட ஒரு கருவி எஞ்சினாலும் அதிலிருந்து மற்றவை மீண்டும் நோயுறும்.