டிராயிங் மாஸ்டர்

எங்கள் வாத்தியார்கள் – 9

சித்திரைத் தேருக்கு ஊர் திரும்புகிறவர்கள் திருக்கழுக்குன்றத்தில் அதிகம். கல்பாக்கம், சென்னை, துபாய் என்று வேலைக்காகப் பிரிந்து போனவர்கள், தேர் நிலைக்கு வந்தபின் சங்கு தீர்த்தப் படிக்கட்டில் உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். கணக்கு வாத்தியாரின் பிரம்பு, தலைமையாசிரியரின் சைக்கிள் மணி எல்லாம் வந்துபோகும். நான் கூட இருந்த அன்று நெடுநேரம் ஓடியது ஒருவரைப் பற்றித்தான். அவர்களுடைய டிராயிங் மாஸ்டர். அவர் காலமாகிப் பல வருஷமாகிறது.

“சார் கோபுரம் போடுறது ஞாபகம் இருக்காடா?”

“நடுவுல முதல்ல ஒரு கோடு இழுப்பாரே!”

கரும்பலகையில் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் ஒரு செங்குத்துக் கோடு. அதன் அடியில் அகலமாக ஒரு படுக்கைக் கோடு, உச்சியில் சின்னதாக இன்னொன்று. இரண்டின் முனைகளையும் சாய்கோட்டால் சேர்ப்பார். அப்புறம் நிலைகளைப் பிரிக்கச் சொல்வார். பிள்ளைகள் எல்லாரும் தப்புப் பண்ணுவது இங்கேதான். நிலைகளை ஒரே உயரத்தில் போட்டு வைப்பார்கள். அவர் திட்டமாட்டார். வகுப்பை அப்படியே மலையடிவாரத்துத் தாழக்கோயில் வாசலுக்குக் கூட்டிப்போய் நிறுத்துவார். கையை நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, ஒவ்வொரு நிலையையும் கட்டைவிரலால் அளக்கச் சொல்வார். மேலே போகப் போக நிலைகள் அகலத்தில் மட்டுமல்ல, உயரத்திலும் குறைகின்றன என்பது அப்போது தெரியவரும். தினமும் அந்தக் கோபுரத்தைத் தாண்டித்தான் அவர்கள் பள்ளிக்கூடம் போனார்கள். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

படிக்கட்டில் இருந்தவர்களில் ஒருவர் கட்டட மேஸ்திரி. “எனக்கு டிராயிங் வரவே இல்லீங்க. ஆனா சுவர் தூக்குல இல்லேன்னா தெருமுனையிலேயே கண்ணு சொல்லிடும். அது சார் குடுத்த கண்ணு” என்றார்.

எழுத்துப் பயிற்சிக்கு மலைமேல் இருக்கும் ஒருகல் மண்டபத்துக்குக் கூட்டிப்போனதையும் சொன்னார்கள். பல்லவர் காலத்துக் குடைவரை அது. பதினேழாம் நூற்றாண்டில் பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் இருந்த டச்சுக்காரர்கள் அங்கே தங்கள் பெயர்களைக் கல்லில் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கோயிலில் கிறுக்கக்கூடாது என்று முதலில் கண்டித்துச் சொல்லிவிட்டு, எழுத்துக்கு எழுத்து விட்ட இடைவெளியைப் பார்க்கச் சொல்வாராம்.

அந்தக் காலத்து ஓவிய ஆசிரியர்களில் பெரும்பாலானோர் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங் என்று லோயரும் ஹையரும் முடித்து, டி.டி.சி. என்ற ஆசிரியர் பயிற்சி எடுத்து வந்தவர்கள். ஆண்டு விழா மேடைத் திரை, சான்றிதழில் பெயர் எழுதுவது, சுவரில் குறள் எழுதுவது எல்லாம் அவர்கள் தலையில்தான். பரீட்சை நெருங்கினால் அவர்கள் பீரியடைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கேட்டு வாங்கிக்கொள்வார்கள். கொடுத்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் தனியாக உட்கார்ந்திருப்பார் ஓவிய ஆசிரியர். அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை. கோயில் சிற்பங்களைத் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடரில் வரைந்து வீடு வீடாகக் கொண்டுசேர்த்த ஓவியர் சில்பியும் பத்திரிகைக்கு வருவதற்கு முன் சென்னையில் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்தவர்தான்.

டிராயிங் மாஸ்டரின் திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரத்தில் மாமல்லபுரம். 1957இல் அங்கே தொடங்கிய சிற்பக் கல்லூரிக்கு முதலில் பொறுப்பேற்றவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப்பின் மகன் கணபதி ஸ்தபதி கால் நூற்றாண்டுக்கு மேல் அதை நடத்தினார். தகப்பன் மகனுக்குச் சொல்லித்தந்த வித்தை அங்கே வகுப்பறைக்கு வந்தது. விண்ணப்பம் போட்டவன் கற்றுக்கொள்ளலாம் என்று ஆனது. உருவம் வரைய உட்காரும் மாணவன் அங்கேயும் முதலில் போடுவது நடுக்கோடுதான். பிரம்ம சூத்திரம் என்பார்கள். உத்தம தசதாளம் என்றால் அந்தக் கோட்டை 124 பங்காகப் பிரித்து, நெற்றிக்கு இத்தனை, மூக்குக்கு இத்தனை என்று குறித்துக்கொண்டு போகவேண்டும். திருக்கழுக்குன்றத்து மாஸ்டருக்கு இந்த நூல்கணக்கு தெரிந்திருந்ததா என்று கேட்டேன். கோடு மட்டும் தெரிந்திருந்தது என்றார்கள். கணபதி ஸ்தபதி என்றதும் எல்லாரும் கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு பிறந்தபோது எழுந்த 133 அடி வள்ளுவரைச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய காரியம், இந்தக் கணக்குகளைத் தமிழில் ‘சிற்பச் செந்நூல்’ என்று எழுதி மாணவன் கையில் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

அதே கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரை ஒரு கவலை அரித்தது. நன்றாக வரைகிற பையன்கள் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். மாணவர்களும் சக ஆசிரியர்களும் பாடிக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி, 1966இல் அங்கே குடியேறினார்கள். அந்தப் பையன்களின் சோற்றுக்கு வழி தேடிய ஆசிரியர் அவர்.

அவர்களில் ஒருவர் கே. ராமானுஜம். பேச்சு சரளமாக வராது. மனநோயும் விடாமல் துரத்தியது. ஊர் அவரை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. பணிக்கர் அவருடைய கோடுகளைப் பார்த்தார். மாட மாளிகைகள், பறக்கும் உருவங்கள், பாம்புகள், தேவதைகள், நடுவே தொப்பி வைத்துக்கொண்டு ராமானுஜமே நிற்பார். கனவுலகத்தை இவ்வளவு நுணுக்கமாக மையால் போட்டவர்கள் நம்மில் குறைவு. இதைத் திருத்தாமல், வரைய விட்டார் ஆசிரியர். சோழமண்டலத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. சென்னை கன்னிமாரா ஓட்டலின் சுவருக்கு அவர் ஓவியம் போனது. 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துபோனார். அவரோடு படித்தவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது பணிக்கர் பெயரும் கூடவே வரும்.

பணிக்கரின் அதே சென்னை ஓவியக் கல்லூரியில் சிற்பி எஸ். தனபாலைத் தேடித் திருச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர் கே.எம். ஆதிமூலம். தனபால் வழிகாட்ட, அங்கேயே சேர்ந்து படித்தார். பின்னாளில் காந்தியைக் கருப்பு வெள்ளையில் நூறு கோட்டோவியங்களாகத் தீட்டினார். தனபாலுக்கும் பணிக்கருக்கும் ஆசிரியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, நம் மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர்.

இத்தனை பேரும் கல்லூரிக்கு வருவதற்கு முன் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கியவர்கள்தானே? அந்தக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க இன்றைக்குப் பள்ளியில் யார் இருக்கிறார்கள்? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியத்துக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் என்கிறது. நூறுக்குக் கீழே என்றால் அதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்த செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருந்தோம்.

மூன்று அரை நாளில் ஒரு வகுப்பைத் தாழக்கோயில் வாசல்வரை கூட்டிப்போய்த் திரும்ப முடியுமா? சிற்பக் கல்லூரி இருக்கிற மாவட்டம் இது. கல் தட்டும் சத்தம் கேட்டு வளர்கிற பிள்ளைகள் இவர்கள். இங்கேயாவது ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் முழுநேர ஓவிய ஆசிரியர் வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

படிக்கட்டில் இருந்து எழுந்தபோது துபாய்க்காரர் மேஸ்திரியிடம், “அண்ணே, எம் பொண்ணு நல்லா வரையுது. இங்க யாருகிட்ட விடலாம்?” என்று கேட்டார். மேஸ்திரி மாமல்லபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒருவரின் போன் நம்பரைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம் தையல் டீச்சர்கள். உங்களுக்குக் காஜா எடுக்கச் சொல்லிக்கொடுத்தவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)