வணிகக் கல்வியின் முதற்படி

வணிகத்தில் ஆரம்பச் சான்றிதழ் என்றவுடன், பல்கலைக்கழகம் புக இயலாதார் செல்லும் வழி அது என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உளர். அவ்வெண்ணத்தால் நன்மாணாக்கர் சிலர் இரண்டோர் ஆண்டுகளை வீணே போக்கியதை நாம் கண்டிருக்கின்றோம். ஆதலின், அச்சான்றிதழ் எதனைக் கற்பிக்கின்றது, எதனைக் கற்பிக்க மாட்டாது என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

இத்தகைய பாடநெறிகளின் பெயர் பலவாயினும், அவற்றின் உள்ளீடு பெரும்பாலும் மூன்றே: கணக்கு, முகாமைத்துவம், சந்தைப்படுத்தல்.

முதலாவது கணக்கு. வெனிசு வணிகர் கைக்கொண்ட இரட்டைப் பதிவு முறையை லூக்கா பச்சோலி என்னும் துறவி 1494 ஆம் ஆண்டில் அச்சிட்ட தம் கணித நூலில் விளக்கினார். இன்றும் அதுவே அடிப்படை. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் ஒரு கணக்கில் வரவாகவும் மற்றொன்றிற் செலவாகவும் பதியப்படும். இதன் பயனை ஓர் உதாரணத்தாற் காட்டுவாம். கடைக்காரர் ஒருவர் 60,000 ரூபாவுக்குக் கைக்காசு கொடுத்துக் கொள்வனவு செய்த பொருள் முழுவதையும் 75,000 ரூபாவுக்கு விற்றார். வாடகை 5,000 ரூபா கொடுத்தார். இலாபம் 10,000 ரூபா. ஆயின் விற்பனையில் 30,000 ரூபா கடனாக நின்றது. கைக்கு வந்தது 45,000; கையை விட்டுச் சென்றது 65,000. ஏட்டிலே இலாபம், பெட்டியிலே 20,000 ரூபா பற்றாக்குறை! இவ்வேறுபாட்டை உணராதவர் அடுத்த மாதம் வட்டிக்குக் கடன்படுவார். நன்றாக விற்ற கடையும் மூடப்படுவது இவ்வாறே.

இரண்டாவது முகாமைத்துவம். பிரான்சிய சுரங்கப் பொறியியலாளர் ஹென்றி பயோல் 1916 இல் இதனைத் திட்டமிடல், ஒழுங்கமைத்தல், பணித்தல், இயைபாக்கல், கட்டுப்படுத்தல் என ஐந்தாக வகுத்தார். ஒரு கல்லூரி விழாவை நடத்திப் பார்த்தவர் இவ்வைந்தின் அருமையையும் நன்கறிவர்.

மூன்றாவது சந்தைப்படுத்தல். அமெரிக்கப் பேராசிரியர் மக்கார்த்தி 1960 இல் இதனைப் பொருள், விலை, இடம், மேம்படுத்தல் என நான்காகத் தொகுத்துரைத்தார். பனங்கட்டியை எத்தகைய பொதியில், என்ன விலைக்கு, எவ்விடத்தில், எவ்வாறு அறிமுகஞ் செய்து விற்பது என்னும் வினாக்கள் இந்நான்கினுள் அடங்கும். கூவி விற்பது மட்டுமே சந்தைப்படுத்தல் அன்று.

இச்சான்றிதழ் வழியின் முடிவும் அன்று. நம் நாட்டின் தேசிய தொழிற்றகைமைச் சட்டகம் ஏழு மட்டங்களையுடையது. முதல் நான்கும் சான்றிதழ், அடுத்த இரண்டும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. எனவே, கீழ்ப்படியில் நிற்பவனுக்கும் மேலே செல்ல ஏணி உண்டு.

எனினும், ஏட்டுக் கல்வி அனுபவத்தைத் தாராது, நேர்மையையும் தாராது. வள்ளுவர் வணிகர்க்குரிய அறத்தை நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தமை சிந்திக்கற்பாலது. நேர்மையை மாணவர் தாமே பேணல் வேண்டும். அனுபவத்தையோ பிறர் அளிக்கலாம். வணிகத் துறையில் நிலைபெற்றிருக்கும் பழைய மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஓர் இளைஞனைத் தம் கணக்கேட்டின் முன் இருத்திப் பழக்குவாராயின், கல்லூரி அன்னைக்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை என்பது நம் துணிபு.