படைக்கலச் சாலையின் காவலும் கணக்கும்

நாட்டைக் காப்பது படை. படைக்குக் கை போன்றது படைக்கலம். அப்படைக்கலத்தைக் காப்பது யாது? இவ்வினாவைப் பலர் எழுப்புவதில்லை. வாளும் துப்பாக்கியும் வலிமையுடையன. ஆகலின் அவை தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் என்று எண்ணுவார் போலும். உண்மை அதுவன்று. வீரன் கையில் இல்லாத துப்பாக்கி, வேலியில்லாத பயிரினும் எளிதில் களவு போகத்தக்கது. அதனை எடுத்தவன் எவனோ, அவனுக்கே அது ஏவல் செய்யும். நல்லவன் இவன், தீயவன் இவன் என்று பகுத்தறியும் ஆற்றல் இரும்புக்கு இல்லை.

எங்கள் ஊராகிய புதியம்புத்தூர் கரிசற்காட்டில் உள்ளது. மானாவாரி நிலத்தில் விளைந்த கம்பையும் சோளத்தையும் மக்கள் குலுக்கையில் சேர்த்து வைப்பர். பருத்தியைக் கிட்டங்கியில் அடுக்கி வைப்பர். அவற்றில் ஒரு மூட்டை களவு போயின், உடையவனுக்கு இழப்பு. அதனோடு அத்தீங்கு முடிந்துவிடும். ஆனால் படைக்கலச் சாலையிலிருந்து ஒரே ஒரு துப்பாக்கி காணாமற்போயின், இழப்பு அரசுக்கு மட்டுமா? அது மீண்டு வரும் வரையில் யாருடைய வீட்டு வாயிலில், எந்த இரவில் அது வெடிக்கும் என்பதை எவரும் அறியார். களவு ஒருநாள் நிகழ்ச்சி. அதன் அச்சமோ பன்னாள் நீடிப்பது. இதனாலேயே ஏனைப் பண்டசாலைகளுக்கு இல்லாத கட்டுப்பாடு படைக்கலச் சாலைக்கு வேண்டப்படுகின்றது.

படைக்கலங்களை ஓரிடத்தில் தொகுத்துக் காக்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்பது புறநானூற்றால் அறியப்படும் செய்தி. அங்கே வேல்கள் மாலை சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்று, காவலுடைய மாளிகையில் அழகுற விளங்கின. அதியமானுடைய வேல்களோ போரில் நுனி சிதைந்து கொல்லனது உலைக்கூடத்தில் கிடந்தன. இவ்வேறுபாட்டைக் காட்டி ஔவையார் தொண்டைமானைப் புகழ்வது போலப் பழித்த நயத்தைக் கற்றோர் வியப்பர். அந்நயத்தைச் சுவைக்கும் நாம் அதனுள் அடங்கிய வேறொரு செய்தியையும் நோக்குதல் நலம். படைக்கலத்துக்குத் தனி இடமும் காவலும், துருப்பிடியாதிருக்க நெய்யிடுதல், பழுதுற்றதைக் கொல்லனிடம் ஒப்புவித்தல் ஆகிய மூன்றும் அன்றே இந்நாட்டில் வழங்கின.

கௌடிலியரது அருத்தசாத்திரம் இன்னும் ஒரு படி மேற்செல்கின்றது. அது படைக்கலச் சாலைக்கெனத் தனித் தலைவன் ஒருவனை அமைக்கின்றது. கருவிகளின் வடிவம், இயல்பு, எண்ணிக்கை, வந்த வழி, விலை, வைக்கும் இடம் ஆகியவற்றை அவன் அறிந்திருத்தல் வேண்டும். வெம்மையாலும் ஈரத்தாலும் பூச்சியாலும் அவை கெடாதபடி அடிக்கடி இடம் மாற்றியும் வெயிலில் காயவைத்தும் பேணுதல் வேண்டும் என்று விதிக்கின்றது. காவலோடு கணக்கும் வேண்டும் என்னும் கருத்தை இங்கே காண்கிறோம்.

காவல் தளர்ந்தால் விளைவது யாது என்பதை எங்கள் பகுதியின் வரலாறே காட்டும். 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பெற்றான். அவன் தம்பியாகிய ஊமைத்துரை முதலியோரை ஆங்கிலக் கும்பினியார் பாளையங்கோட்டையில் சிறைவைத்தனர். 1801ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஆங்கில அதிகாரிகள் மேஜர் மெக்காலேயின் இல்லத்தில் விருந்துண்டு கொண்டிருந்தனர். அவ்வேளையில் மாறுவேடத்தில் வந்திருந்த துணைவரின் உதவியால் சிறைப்பட்டோர் காவலர்களை மடக்கி, அவர்தம் படைக்கலங்களைப் பறித்துக்கொண்டு வெளியேறினர். ஏறத்தாழ 30 மைல் தொலைவிலுள்ள பாஞ்சாலங்குறிச்சியை நோக்கி விரைந்த அவர்கள், வழியிலிருந்த காவல்நிலைகளில் நூற்றுக்கு மேற்பட்ட வீரர்களின் படைக்கலங்களையும் கைக்கொண்டனர் என்று, அக்காலத்தில் கும்பினிப் படையில் பணிபுரிந்த வெல்ஷ் என்னும் அதிகாரி தம் நினைவு நூலில் எழுதியுள்ளார்.

உரிமை வேட்கையுடைய அவ்வீரர் சிறை மீண்ட செயல் நமக்குப் பெருமிதம் அளிப்பது. ஆயினும் காவல்முறையை ஆராய்வார்க்கு அதில் ஒரு பாடம் உண்டு. அன்று பாளையங்கோட்டையின் மதில் இடிந்திலது, பீரங்கி முழங்கிலது. காவலர் கையிலிருந்த துப்பாக்கிகளே நொடிப்பொழுதில் எதிரியின் துப்பாக்கிகளாயின. கோட்டை வலிமையாக இருந்தது. கருத்து விருந்தில் இருந்தது. அதன்பின் மூண்ட போர் பல திங்கள் நீடித்தது. போர் முடிந்ததும், 1801 டிசம்பர் 1ஆம் நாள், சென்னை ஆளுநர் கிளைவ் வெளியிட்ட அறிக்கையால் பாளையத்து மக்கள் படைக்கலம் வைத்திருத்தல் தடைசெய்யப்பட்டது.

இனி, இக்காலப் படைக்கலச் சாலையின் அமைப்பைக் காண்போம். நம் நாட்டுப் படையினர் இதனைக் ‘கோத்’ என வழங்குவர். இதன் சுவர் தடித்தது, கூரை உறுதியானது, சாளரங்கள் சிறியன, இரும்புக் கம்பியிட்டன. வாயில் பெரும்பாலும் ஒன்றே. உள்ளே துப்பாக்கிகள் தாங்கிகளில் வரிசையாக நிறுத்தப்பெற்றிருக்கும். ஒரு சங்கிலி அவற்றின் விசைக்காப்பு வளையங்களினூடே சென்று, முடிவில் பூட்டப்பெற்றிருக்கும். கதவைத் திறந்தவனும் அச்சங்கிலியைத் திறவாமல் ஒரு துப்பாக்கியையும் எடுத்தல் இயலாது. இரவு முழுவதும் விளக்கு எரியும். வெளியே பாரா நிற்கும் காவலன் தன் மாற்றாள் வரும்வரை இடம் பெயரான்.

துப்பாக்கி இருக்கும் இடத்தில் தோட்டா இருத்தலாகாது என்பது இங்குள்ள தலையாய விதிகளுள் ஒன்று. இரண்டும் வெவ்வேறு அறைகளில், வெவ்வேறு பூட்டுக்குள் வைக்கப்பெறும். இதன் பொருளைக் கோவில்பட்டிப் பக்கத்துச் சிறுவனும் ஒரு தீப்பெட்டியைக் கொண்டே விளக்கிவிடுவான். முற்காலத்துத் தீக்குச்சி எங்கு உரசினும் பற்றிக்கொள்ளும். சட்டைப்பையிலேயே எரிந்து தீங்கு செய்ததும் உண்டு. அதனால் அறிஞர்கள் மருந்தை இரண்டாகப் பிரித்தனர். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டுக் கலவையும், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரசும் அமைந்தன. இரண்டும் நாம் வேண்டும்போது மட்டுமே சந்திக்கும். துப்பாக்கியும் தோட்டாவும் அவ்வாறே பிரிக்கப்படுகின்றன.

இவ்விதியின் பயனை வரலாறும் காட்டுகின்றது. இன்று வங்காளதேச நாட்டில் உள்ள சிட்டகாங் நகரில், 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் இரவு, பள்ளி ஆசிரியராயிருந்த சூரியா சென் தலைமையில் விடுதலை வீரர்கள் ஆங்கில அரசின் படைக்கலச் சாலைகளைத் தாக்கினர். துணைப்படையின் சாலை அவர்கள் கைப்பட்டது. உயர்ந்தவகைத் துப்பாக்கிகள் கிடைத்தன. ஆயினும் அவற்றுக்குரிய தோட்டாக்கள் அங்கே கிடைத்தில. உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற கருவிகள் பயனற்ற இரும்பாயின. நான்காம் நாள் ஜலாலாபாத் குன்றில் நிகழ்ந்த போரில் அவ்விளைஞர்கள் அக்குறையோடே போரிட நேர்ந்தது. அவர்தம் தியாகத்தை எண்ணி நாம் வருந்துகிறோம். பிரித்துவைக்கும் முறையின் ஆற்றலையும் உணர்கிறோம்.

வெடிமருந்தைப் பிற பண்டங்களினின்றும் பிரித்தல் வேண்டும் என்பதற்கு, பருத்தி விளைக்கும் நாம் மறவாது கொள்ளத்தக்க சான்று ஒன்று உண்டு. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ‘போர்ட் ஸ்டிகைன்’ என்னும் கப்பலில் பெருந்தொகையான வெடிபொருளும் பருத்திப் பொதிகளும் ஒருங்கே ஏற்றப்பெற்றிருந்தன. கப்பலில் தீ மூண்டது. பின்னர் வெடிபொருள் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், துறைமுகமும் அதனை அடுத்த பகுதிகளும் பாழாயின. தனித்தனியே இருந்திருப்பின் அடங்கியிருக்கத்தக்க தீங்கு, ஒன்று சேர்ந்தமையால் அளவு கடந்தது.

பொருளைப் பிரித்தது போலவே பொறுப்பையும் பிரித்தல் வேண்டும். சாவியை வைத்திருப்பவன் ஒருவன். வாயிலைக் காப்பவன் மற்றொருவன். கணக்கைச் சரிபார்ப்பவன் மூன்றாமவன். இருபூட்டு முறை கொண்ட இடங்களில் இருவர் சேர்ந்து வந்தாலன்றிக் கதவு திறவாது. “என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்று இதற்கு ஒருவன் சினத்தல் பொருந்தாது. இம்முறை நேர்மையாளனை ஐயுறுவதன்று. ஐயத்தினின்றும் அவனைக் காப்பது. தனியனாய்த் திறந்தவன் மீது வீண்பழி விழலாம். இருவராய்த் திறந்தபோது ஒருவனுக்கு மற்றவன் சான்று.

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி எண் உண்டு; அவ்வெண் அதன் இரும்பிலேயே பொறிக்கப்பெற்றிருக்கும். இருப்புப் பதிவேட்டில் அவ்வெண் இடம்பெறும். வீரன் ஒருவன் துப்பாக்கியைப் பெறும்போது நாள், நேரம், எண், பெற்ற காரணம் ஆகியவை வழங்கற் பதிவேட்டில் எழுதப்பெறும், அவன் கையொப்பமிடுவான். திரும்பத் தரும்போது குழலில் தோட்டா இல்லை என்பதைப் பாதுகாப்பான திசையில் சோதித்து, எண்ணை ஒப்பிட்டு, மீண்டும் பதிவர். காவல் மாறும் வேளையில் புதியவன் தன் கண்ணால் எண்ணிய பின்னரே பொறுப்பை ஏற்பான். “நேற்று எண்ணியாயிற்று, இன்று எதற்கு?” என்பது இங்கே செல்லாது. குறித்த நாளில் உயர் அதிகாரி எண்ணுவார். அறிவிப்பின்றி ஒருநாள் வந்தும் எண்ணுவார். பதிவேட்டில் பிழை நேரின் அதனைச் சுரண்டி அழித்தல் கூடாது. ஒரு கோடிட்டு, சரியானதை எழுதி, கையொப்பமிடல் வேண்டும். பிழை பொறுக்கத்தக்கது, பிழையை மறைத்தல் பொறுக்கத்தக்கதன்று.

இக்கணக்கின் நுட்பத்தை யான் உணர்ந்த நாள் ஒன்று உண்டு. யான் தமிழாசிரியனாகப் பணியேற்ற தொடக்கக் காலம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய மாணவர் படையில் சேர்ந்திருந்த எம் பள்ளி மாணவரைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு ஒருநாள் அழைத்துச் சென்றோம். கோடைக்காலம், கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. 20 மாணவர்கள் ஆளுக்கு 5 தோட்டாக்கள் சுட்டனர். பயிற்சி முடிந்ததும் அவில்தார் வெற்றுக் கூடுகளை எண்ணினார். 99 இருந்தன. ஒன்று குறைந்தது.

வண்டி ஆயத்தமாக நின்றது, பிள்ளைகள் பசித்திருந்தனர். அவில்தார் ஒருவரையும் விடவில்லை. அனைவரும் மண்டியிட்டு நிலத்தைத் துழாவினோம். பொழுது சாய்ந்தது. அலுத்துப்போன ஒரு மாணவன், “ஐயா, சுட்டு முடிந்த வெறும் பித்தளைக் கூடுதானே, அதனால் யாருக்கு என்ன தீங்கு?” என்று கேட்டான். அவர் சினந்திலர். “தம்பி, கூடு வந்தால்தான் தோட்டா சுடப்பட்டது என்பதற்குச் சான்று. கூடு வரவில்லையென்றால், சுடாத தோட்டா ஒன்று யாருடைய பையிலோ இருக்கிறது என்றே நான் எழுத வேண்டும். உங்கள் இருபது பேரில் யாரை அப்படி எழுதட்டும்?” என்றார். மாணவன் வாய் பேசாது மீண்டும் குனிந்தான். சிறிது நேரத்தில், மண்வெடிப்பு ஒன்றினுள் ஒரு சாண் ஆழத்தில் அக்கூடு மின்னக் கண்டோம். கருவேலங்குச்சியால் அதனை வெளிக்கொணர்ந்தோம். அவில்தார் அதனைத் துடைத்து, ஏனையவற்றோடு சேர்த்து, மறுபடியும் ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணிய பின்னரே கையொப்பமிட்டார். அந்நூறாவது கூடு இருபது பிள்ளைகளின் நற்பெயரைக் காத்தது.

இந்நெறி படைவீடுகளுக்கு மட்டும் உரியதன்று. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி, ஊர்ப்புறத்தில் பயிர்க்காவலுக்காகத் துப்பாக்கி வைத்திருப்பவரும் உரிமம் பெறுதல் வேண்டும். அது களவு போயின் உடனே காவல் நிலையத்தில் அறிவித்தல் கடமை. தேர்தற் காலங்களில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு பணிப்பதும் வழக்கம். கொடுத்தவர் பற்றுச்சீட்டுப் பெறுவார். தேர்தல் முடிந்தபின் அச்சீட்டைக் காட்டித் தம் துப்பாக்கியையே மீளப் பெறுவார்.

இவற்றையெல்லாம் நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகும். சுவர் உறங்குவதில்லை, ஆயினும் அது எண்ண அறியாது. பூட்டு வலிது, ஆயினும் திறந்தவன் பெயரை அது கூறாது. எண்ணுகின்ற கண்ணும், எழுதுகின்ற கையும், மெய் சொல்லும் நாவும் உடைய ஒருவனே உண்மையான காவல். அவன் ஒருநாள் சோம்பினால், தடித்த சுவரும் இரும்புக் கதவும் வீணாம்.

வேலினைப் பாடிய புலவர் பலர். அதனை ஏந்திய வீரனைப் பாடியவர் அவரினும் பலர். மாலைதோறும் அதனை எண்ணி வைத்துக் கதவடைத்தவனைப் பாடினார் யாரும் இலர். ஆயினும் அவன் எண்ணிக்கை சரியாயிருந்த இரவுகளில்தான் ஊர் அச்சமின்றி உறங்கியது.