கழிவு ஆயில் – 6: செப்பு நிறச் செதில்

கழிவு ஆயில் கறுத்திருந்தால் அது பெரும்பாலும் புகைக்கரி என்று சென்ற வாரம் பார்த்தோம். காந்தம் பதித்த டிரெயின் போல்ட்டில் அப்பியிருக்கும் சாம்பல் நிறக் குழைவும் சாதாரணத் தேய்மானம்தான். தொடர்ந்து படித்து வருபவர்களுக்கு இவ்வளவு நினைவூட்டல் போதும்.

இந்த வாரம் கண்ணுக்குத் தெரியும் துண்டுகள். ஆயில் மாற்றும்போது டிரேயில் ஏதோ மினுங்குகிறது. விரலால் தேய்த்தால் நெருடுகிறது. உடனே ஒர்க்‌ஷாப்பில் இரண்டு தீர்ப்புகளில் ஒன்று வந்துவிடும். ‘பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும், விடுங்க’ என்பது ஒன்று. ‘இன்ஜினை இறக்கியாகணும்’ என்பது மற்றொன்று. முதலாவதை நம்பி இன்ஜினை இழந்தவர்கள் உண்டு. இரண்டாவதை நம்பி, நன்றாக ஓடிய இன்ஜினைப் பிரித்துக் காசைத் தொலைத்தவர்களும் உண்டு. இரண்டு தீர்ப்புமே துண்டை எடுத்துப் பார்க்காமல் சொல்லப்படுபவை என்பதுதான் வருத்தம்.

பார்க்க வேண்டிய இடம் டிரேகூட இல்லை, ஆயில் ஃபில்டர். பம்ப் தள்ளும் எண்ணெய் பேரிங்குகளுக்குப் போகும் முன் ஃபில்டரைக் கடந்தாக வேண்டும். போன ஆயில் சேஞ்சிலிருந்து இன்றுவரை உதிர்ந்த பெரிய துணுக்குகளில் பெரும்பகுதி அதன் காகித மடிப்புகளில்தான் தங்கியிருக்கிறது. நாம் அதைக் கழற்றிய கையோடு குப்பையில் போட்டுவிடுகிறோம்.

போடாமல் பிளந்து பார்க்க வேண்டும். ஹேக்ஸா பிளேடு உதவாது. அறுக்கும்போது விழும் இரும்புத் தூள் உள்ளே கலந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். தகர டப்பாவைச் சுற்றி வந்து, தூள் விழாமல் வெட்டும் ஃபில்டர் கட்டர் இதற்கென்றே இருக்கிறது. சிறிய விமானங்களைப் பராமரிப்பவர்களுக்கு இது அன்றாடக் கருவி. டப்பாவைத் திறந்ததும் உள்ளே இருக்கும் காகிதத்தைக் கத்தியால் நறுக்கி, மடிப்புகளை விரித்து, எண்ணெயைப் பிழிந்துவிட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தால் முதல் தடயம் தெரியும். பிறகு காகிதத்தை வெள்ளைத் தட்டில் மண்ணெண்ணெய் விட்டு அலசி, காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றித் தட்டில் ஓட்ட வேண்டும். பைக்கு வெளியே ஒட்டிக்கொண்டது இரும்பு இனம். காந்தத்தை உருவியதும் தானாக உதிர்ந்துவிடும்.

காந்தத்தில் ஒட்டியது கேம் ஷாஃப்ட், டைமிங் செயின், பிஸ்டன் ரிங் என்று எஃகோ வார்ப்பிரும்போ ஆன எந்தப் பாகத்திலிருந்தும் வந்திருக்கலாம். ஒட்டாமல் வெள்ளையாக மினுங்கினால் அலுமினியமா என்று பார்க்கலாம். காஸ்டிக் சோடா கரைசலில் போட்டதும் பொங்கிக் குமிழி விட்டால் அலுமினியம்தான். கையுறை இல்லாமல் அந்தக் கரைசலைத் தொடவே கூடாது. குமிழி வராமல், சூடான சால்டரிங் அயர்ன் பட்டதும் உருகினால் வெள்ளீயம் அல்லது ஈயம். வெள்ளீயம் 232 டிகிரியிலும் ஈயம் 327 டிகிரியிலும் உருகிவிடும்.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது செப்பு நிறச் செதில். பல இன்ஜின்களில் கனெக்டிங் ராடு பேரிங் மூன்று அடுக்குகளாக இருக்கிறது. முதுகுப் பக்கம் எஃகு, அதன்மேல் செம்புக் கலவை, கிராங்க் ஷாஃப்ட்டைப் பார்த்த பக்கத்தில் ஈயமோ வெள்ளீயமோ கலந்த மெல்லிய பூச்சு. அப்படிப்பட்ட பேரிங்கிலிருந்து செப்பு நிறத்தில் ஒரு துணுக்கு வந்தால், மேல்பூச்சு ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். தேய்மானம் எத்தனை ஆழம் போயிருக்கிறது என்பதை நிறமே சொல்லிவிடுகிறது.

ஆனால் யார் தேய்த்தது என்பதை அது சொல்லாது. 2015 செப்டம்பரில் ஹூண்டாய் அமெரிக்காவில் சுமார் 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. எல்லாம் 2011, 2012 மாடல்கள். அலபாமா மாநிலத்து ஆலையில் கிராங்க் ஷாஃப்ட்டைக் கடைந்தபோது உண்டான பிசிறு, அதன் எண்ணெய்த் துளைகளில் முழுதாகச் சுத்தம் செய்யப்படாமல் தங்கியிருக்கலாம் என்பது காரணம். அந்தத் துளைகள் ஃபில்டரைத் தாண்டி இருப்பவை. அங்கே கிடக்கும் பிசிறு பேரிங்கைச் சேருமுன் அதைத் தடுக்க ஃபில்டரால் முடியாது. பிசிறு எண்ணெயை மறிக்க, பேரிங் காய்ந்து தேய்ந்தது. ஃபில்டரில் அகப்படும் செப்புச் செதில் இங்கே அடிபட்ட பேரிங்குடையது. அடித்த பிசிறு வேறு.

இந்த விவகாரம் வெளியே வந்ததில் ஒரு தனிமனிதருக்குப் பங்கு உண்டு. ஹூண்டாயில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த பொறியாளர் கிம் குவாங்-ஹோ, நிறுவனம் இந்த இன்ஜின் கோளாறைச் சரியாகக் கையாளவில்லை என்று 2016இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் ஆவணங்களோடு போனார். வேலை போனது. 2021 நவம்பரில் அதே அமைப்பு அவருக்கு 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் வெகுமதி அறிவித்தது. வாகனத் துறையில் குறை சொன்ன ஒருவருக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததை மனமாரப் பாராட்ட வேண்டும்.

2024 மே மாதம் டொயோட்டாவும் அமெரிக்காவில் சுமார் 1,02,000 டண்ட்ரா, லெக்சஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அங்கும் காரணம் ஆலையில் நீக்கப்படாத கடைசல் பிசிறுதான்.

சரி, கழிவு ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பினால் எல்லாம் தெரிந்துவிடாதா? 1946இல் டென்வர்–ரியோ கிராண்டே ரயில்வே, டீசல் ரயில் இன்ஜின்களின் பழைய எண்ணெயை நிறமாலை ஆய்வுக்கு உட்படுத்தி, எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்கத் தொடங்கியது. இன்றைய ஆய்வகங்களும் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகின்றன. அதில் ஒரு குறை இருக்கிறது. மிக நுண்ணிய துகள்களைத்தான் அந்தக் கருவி சரியாகக் கணக்கிடும். சுமார் 5 முதல் 10 மைக்ரானுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் கணக்கில் வராது. விரலில் நெருடும் துண்டு அதைவிடப் பல மடங்கு பெரியது. அறிக்கையில் எல்லாம் சரி என்று வரும்; ஃபில்டரிலோ செதில் கிடக்கும்.

இந்த இடைவெளியை நிரப்ப 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படைக்காக வெர்னன் வெஸ்ட்காட் உருவாக்கிய முறைதான் ஃபெர்ரோகிராஃபி. இந்த வாரம் படித்தவற்றில் மனதை விட்டுப் போகாதது இதுதான். நீர்க்கச் செய்த எண்ணெயைச் சற்றே சாய்ந்த ஒரு கண்ணாடிச் சில்லின்மேல் மெல்ல ஓட விடுகிறார்கள். அடியில் வலுவான காந்தம். பெரிய துகள் முதலில் படிகிறது, சிறியவை அடுத்தடுத்து இறங்கி வரிசை கட்டுகின்றன. பிறகு நுண்ணோக்கியில் மேலிருந்து சிவப்பு ஒளி, கீழிருந்து பச்சை ஒளி. உலோகம் சிவப்பாகத் தெரியும்; ஒளி புகும் தூசி பச்சையாகத் தெரியும். லேத்தில் சீவியதுபோல் சுருண்டிருந்தால் ஏதோ கூரான ஒன்று அறுத்திருக்கிறது. தட்டையான செதில் என்றால் உருளும் பரப்பு களைத்து உரிந்திருக்கிறது. அதே கண்ணாடியைச் சுமார் 330 டிகிரிக்குச் சூடாக்கினால் சாதாரண எஃகு நீலமாகிறது, வார்ப்பிரும்பு வைக்கோல் நிறம் கொள்கிறது. இத்தனைக்கும் தேவைப்படுவது சில மில்லி எண்ணெய்தான்.

வியப்பு அதோடு முடியவில்லை. 1980களின் தொடக்கத்தில் இதே முறையை மனித முழங்காலுக்குக் கொண்டுபோனார்கள். மூட்டுக்குள் இருப்பதும் ஒரு மசகுதான். தேய்ந்த குருத்தெலும்பும் எலும்பும் அதில் உதிர்கின்றன. ஆனால் எலும்பு காந்தத்தில் ஒட்டாதே! மூட்டு நீரில் எர்பியம் என்ற அருமண் உலோகத்தின் அயனிகளைச் சேர்த்தார்கள். அவை எலும்பு, குருத்தெலும்புத் துணுக்குகளைப் பற்றிக்கொள்ள, துணுக்குகள் காந்தத்துக்கு இழுபட்டுக் கண்ணாடியில் படிந்தன. மூட்டுக்குள் குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர்களின் முடிவோடு இந்தத் துணுக்குகளை ஒப்பிட்டும் பார்த்தார்கள். ரயில், விமானம், கார் என்று வளர்ந்து வந்த ஒரு படிப்பு, வலிக்கும் முழங்காலிலும் செல்லுபடியாகிறது. அறிவியலில் இத்தகைய தாவல்களைப் பார்க்கும்போது உண்டாகும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

எந்தத் துண்டுக்கு இன்ஜினை இறக்க வேண்டும், எதற்கு ஆயிலை மாற்றிவிட்டு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி மறுபடி பார்க்கலாம் என்று இந்த வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தது. அது அடுத்த வாரத்துக்குப் போகிறது. அதற்கு ஒரு ஹெலிகாப்டர் விபத்தை முழுதாகச் சொல்லியாக வேண்டும். 2009 மார்ச் 25 அன்று ஒரு சூப்பர் பூமாவின் கியர் பாக்ஸில் இருந்த காந்தத்தில் ஒரே ஒரு துண்டு அகப்பட்டது. ஏப்ரல் 1 அன்று அது ஸ்காட்லாந்துக் கடலோரம் விழுந்தது. 16 பேர் இறந்தார்கள். துண்டு கையில் இருந்தும், ஹெலிகாப்டரை இயக்கிய நிறுவனத்துக்கும் தயாரித்த நிறுவனத்துக்கும் இடையே நடந்த தொலைபேசி, மின்னஞ்சல் பேச்சில் விஷயம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று விசாரணை அறிக்கை சொல்கிறது.

அதற்குள் யாராவது ஆயில் மாற்றினால், பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கி, மேலே தேதியும் கிலோமீட்டரும் எழுதி, எண்ணெய் வடியாதபடி பையில் கட்டி வையுங்கள். அடுத்த வாரம் அது தேவைப்படும்.