முற்றத்தில் ஓர் இலந்தை

வீட்டில் ஒருவர் வஃபாத்தாகிவிட்டார். கஃபன் துணி வந்துவிட்டது. பள்ளிவாசலிலிருந்து சந்தூக்கும் வந்து சேர்ந்தது. கற்பூரம் எடுத்து வைத்தாயிற்று. அடுப்பில் நீர் காய்கிறது. குளிப்பாட்ட வந்த மூதாட்டி, “இலந்தை இலை எங்கே, மக்களே?” என்று கேட்கிறார். அப்போதுதான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். இளைஞர் இருவர் தெருத் தெருவாக ஓடுகின்றனர். கோடி வீட்டில் நின்ற இலந்தையை வெட்டி வாகனம் நிறுத்தத் தளம் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்றதும் இப்போது இல்லை. முடிவில் நாட்டு மருந்துக் கடையிலிருந்து, என்று அரைத்ததோ தெரியாத ஒரு பொட்டலத் தூள் வருகிறது.

அன்பர்களே! இக்காட்சியை நம் ஊர்களில் நீங்களும் கண்டிருக்கக்கூடும். மண்ணறைக்குச் செல்லும் நம் உறவினருக்கு ஒரு கைப்பிடிப் பச்சிலை பறித்துத் தர நம் தெருவில் ஒரு மரம் இல்லை என்பது, சிந்திக்க வேண்டிய செய்தி அன்றோ?

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமகளார் ஜைனப் (ரலி) அவர்கள் மறைந்தார்கள். அப்போது, நீராலும் ‘ஸித்ர்’ இலையாலும் ஒற்றைப்படையாகக் குளிப்பாட்டுமாறும், இறுதியில் கற்பூரம் சேர்க்குமாறும் பெருமானார் பணித்தார்கள் என உம்மு அத்திய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. அரபு நாட்டு ஸித்ரும் நம் நாட்டு இலந்தையும் ஒரே இனத்து மரங்கள். அவற்றின் இலையை நீரில் கசக்கினால் நுரை எழும், அழுக்கு நீங்கும். ஆகவேதான் நம் முன்னோர் ஸித்ருக்கு இலந்தையைக் கொண்டார்கள்; வீட்டருகே நட்டும் வைத்தார்கள்.

இலந்தை நம் மார்க்கத்தில் மதிப்புப் பெற்ற மரம். விண்ணேற்றப் பயணத்தில் பெருமானார் கண்ட எல்லையின் மரம் ‘ஸித்ரத்துல் முன்தஹா’ என்றே அந்நஜ்ம் அத்தியாயத்தில் பெயர் பெறுகிறது. சுவனத்தில் முள்ளற்ற இலந்தை உண்டு என்று அல்வாகிஆ அத்தியாயம் நற்செய்தி கூறுகிறது. இலந்தையை வெட்டுபவரைக் கடுமையாக எச்சரிக்கும் நபிமொழி ஒன்றும் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. வழிப்போக்கரும் கால்நடைகளும் நிழல் பெறும் மரத்தை, உரிமையின்றி வீணாக வெட்டுவதே அங்குக் குறிப்பிடப்படுகிறது என்று இமாம் அபூதாவூத் அவர்களே விளக்கம் தந்துள்ளார்கள்.

“முள்மரம் வீட்டுக்கு ஆகாது” என்று சிலர் தயங்குவர். மரத்தில் சகுனம் பார்ப்பது நம் வழி அன்று. ஆயினும் முள் பிறரைத் தைக்கக்கூடாது என்பது மார்க்கத்தின் கட்டளையே. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்று கூறினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். எனவே இலந்தையைச் சுவரை விட்டுத் தள்ளி உட்புறமாக நடுங்கள். தெருப்பக்கமும் அண்டை வீட்டுப் பக்கமும் நீளும் கிளைகளை ஆண்டுதோறும் கழித்துவிடுங்கள். கழித்த மரம் மேலும் நன்றாகக் காய்க்கும்.

நம் மண்ணுக்கே உரிய மற்றொரு மரம் உகாய். ‘அராக்’ என அரபியர் அழைக்கும் மிஸ்வாக் மரம் இதுவே! ஹஜ்ஜுக்குச் சென்று வருவோர் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து நமக்கு அன்பளிப்பாகத் தரும் குச்சிகளின் மரம், இராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரை உவர் நிலங்களில் தானாகவே வளர்கிறது. குறுந்தொகைப் புலவர்களும் இதனை அறிந்திருந்தனர். நாமோ அதன் அடியில் நின்றுகொண்டே, உறையிட்டு வரும் வெளிநாட்டுக் குச்சியை விலை கொடுத்து வாங்குகின்றோம்.

ஒருமுறை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அராக் மரத்தில் ஏறி மிஸ்வாக் ஒடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தனர். மறுமைத் தராசில் அக்கால்கள் உஹது மலையினும் கனமானவை என்று கூறிப் பெருமானார் அவர்களைச் சிறப்பித்தார்கள். உகாய் உப்பு நீரைத் தாங்கும். கிணறு உவர்த்துப்போன கடலோர வீடுகளுக்கு இதனினும் ஏற்ற மரம் அரிது.

மருதாணியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! பன்னெடுங்காலமாக நம் தோட்டங்களுக்கு வேலியாக நின்ற செடி அது. நாயகம் (ஸல்) அவர்களுக்குப் புண்ணோ முள் தைத்த காயமோ ஏற்பட்டால் மருதாணி இடுமாறு தமக்குப் பணிப்பார்கள் என்று, பணிவிடை செய்த ஸல்மா (ரலி) அவர்கள் கூறியதைத் திர்மிதி பதிவு செய்துள்ளார். இன்று பெருநாள் இரவில் நம் பெண்மக்கள் கடைக் கூம்புகளைத் தேடுகின்றனர். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கப்படுவனவற்றில் சேர்க்கப்படும் செயற்கைச் சாயம், பிஞ்சுக் கைகளில் கொப்புளத்தை உண்டாக்கவல்லது. வாசலில் ஒரு மருதாணி நின்றால் அம்மியில் அரைத்த இலை போதுமே! ஒரு சாண் நீளத்துக் குச்சியை மழைக்காலத்தில் ஊன்றினாலே துளிர்க்கும்.

முற்றமே இல்லாத வீட்டார் மனம் தளர வேண்டா. திருநீற்றுப்பச்சிலை ஒரு தொட்டியில் வளரும். குர்ஆன் கூறும் ‘ரைஹான்’ என்னும் நறுமணச் செடியை அதனோடு ஒப்பிடுவோர் உண்டு. நோன்பு திறக்கும் பானத்தில் நாம் இடும் சப்ஜா விதையும் அதன் விதைதான்.

“நீருக்கு எங்கே போவது?” என்று கேட்பீர்கள். இவை இம்மண்ணின் வெயிலை அறிந்தவை. முதல் ஓரிரு கோடைகளில் தாங்கிப் பிடித்துவிட்டால், பின்னர் மழையே பெரும்பாலும் போதும். அதுவரைக்கும் வேண்டிய நீர் நம் வீட்டிலேயே வீணாகிக்கொண்டிருக்கிறது. ஐவேளை உளூச் செய்யும் நீரில் சோப்பு இல்லை. அது அசுத்தமும் அன்று. சாக்கடைக்குச் செல்லும் அந்நீரை ஒரு சிறு வாய்க்காலால் செடியின் வேருக்குத் திருப்புங்கள். ஒரு ‘முத்’, அதாவது இரு கைகள் நிறைய அள்ளும் அளவு நீரிலேயே உளூச் செய்து காட்டிய பெருமானாரின் சமுதாயத்துக்கு, இந்தச் சிக்கனம் புதிதாகுமா?

எந்த மரமாயினும் ஒன்றுதான் என்று எண்ணிவிடவும் கூடாது. கடல் கடந்து வந்த சீமைக் கருவேலம் இராமநாதபுரத்துக் கண்மாய்களை எப்படி அடைத்து நிற்கிறது என்பதை நாம் காண்கின்றோம். அழகுக்காக மட்டும் வாங்கி வைக்கும் அயல்நாட்டுச் செடிகள் பலவற்றில் நம் பறவைக்கு ஒரு பழமும் இல்லை. இலந்தை பூத்தால் தேனீ வரும். பழுத்தால் கிளியும் அணிலும் தெருப்பிள்ளைகளும் வருவர்.

அவ்வருகையே நமக்கு ஊதியம். உம்மு முபஷ்ஷிர் (ரலி) என்னும் அன்சாரிப் பெண்மணியின் பேரீச்சந் தோட்டத்துக்கு ஒருநாள் பெருமானார் சென்றார்கள். இதை நட்டவர் முஸ்லிமா என்று வினவினார்கள். ஆம் என்றதும், ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ விலங்கோ பறவையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாக அமைகிறது என்னும் கருத்தை எடுத்துரைத்தார்கள். கேட்டு உண்பவர், கேளாமல் கொத்திச் செல்லும் குருவி என்ற வேறுபாடு அங்கில்லை. நாம் உறங்கும்போதும், நம் மூச்சு அடங்கிய பின்னும், அக்கணக்கில் நன்மை ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே, வரும் ஐப்பசி மழைக்கு முன் உங்கள் முற்றத்துச் சிமெண்டில் மூன்றடிச் சதுரம் பெயர்த்தெடுங்கள். மழை நீரும் அவ்வழியே நிலத்துள் இறங்கட்டும். குழந்தையின் கையால் ஓர் இலந்தைக் கன்றை நடச் சொல்லுங்கள். இன்னார் வீட்டில் மவுத் என்று செய்தி வரும் நாளில், “எங்கள் வாசலில் இலை இருக்கிறது, பறித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் வீடு உங்கள் வீடாக இருக்கட்டும். ஒருநாள் அந்த இலை நமக்கும் தேவைப்படும்.

நட்ட கையையும் நிழல் தரும் மரத்தையும் வல்ல நாயன் ஏற்று அருள்வானாக! ஆமீன்.